‘ரன்’: ஒரு சொல்லும் 645 பொருளும்

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள் தரும் சொல் எது? 2011இல் இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பணிமனையிலிருந்து ஒரு பதில் வந்தது. அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர், மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ என்ற மூன்றெழுத்து வினைச்சொல்லைத் திருத்தி எழுதி முடித்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் செலவிட்ட காலம் ஒன்பது மாதம். அவர் வகுத்துக் காட்டிய பொருள்கள், வினையாக வரும்போது மட்டும் 645.

அதற்கு முன் இந்தப் பெருமை ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். அவற்றை விளக்க மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள். 2000இல் ‘மேக்’ அதை முந்தியது, 2007இல் ‘புட்’ முந்தியது, பிறகு ‘ரன்’ வந்தது. மூன்றாம் பதிப்பின் திருத்த வேலை ‘எம்’ எழுத்தில் தொடங்கி முன்னே சென்றதால், எந்தச் சொல் எப்போது திருத்தப்பட்டது என்பதும் இந்த வரிசையைத் தீர்மானித்தது. ஆகவே முதலிடம் யாருக்கு என்பது பெரிய கேள்வி இல்லை. செட், மேக், புட், ரன் என்று போட்டியிடுகிற எல்லாமே ஓரசைச் சொற்கள், குழந்தை முதலில் கற்கும் வினைகள், நாள் முழுதும் வாயில் புழங்குபவை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இது தற்செயல் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஜிப்ஃப் 1945இல் ஒரு கணக்கை முன்வைத்தார்: ஒரு சொல் எவ்வளவு அதிகம் புழங்குகிறதோ அவ்வளவு அதிகமாக அதற்குப் பொருள்கள் இருக்கும், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ புழக்கத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சாமுவேல் ஜான்சன் இதை வேலைப்பளுவாக அனுபவித்திருந்தார். 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில், தம்மைப் படாதபாடு படுத்திய எளிய வினைகளை அவர் வரிசையாகப் பட்டியலிடுகிறார். ‘கெட்’, ‘கிவ்’, ‘டூ’, ‘கோ’ ஆகியவற்றோடு ‘ரன்’னும் அந்தப் பட்டியலில் உண்டு. அரிய சொற்களுக்குப் பொருள் எழுதுவது எளிது, அன்றாடச் சொற்களுக்கு எழுதுவதே கடினம் என்பது அகராதிக்காரர்கள் எல்லாரும் கண்ட உண்மை.

ஆனால் 645 என்ற எண்ணைக் கேட்டு மலைத்துப்போய் நிற்பதில் பயன் இல்லை. இத்தனை பொருள்கள் எங்கிருந்து வந்தன, ஆங்கிலம் பேசுபவர் குழப்பமில்லாமல் இவற்றை எப்படிக் கையாளுகிறார், நமக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைத் தொடர்ந்து போனால், சொல் என்பதே எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிவிடும்.

இரண்டு வினைகள் ஒன்றான கதை

பழைய ஆங்கிலத்தில் இன்றைய ‘ரன்’னின் மூதாதை ‘ரின்னன்’. ஆனால் எழுத்துகள் இடம் மாறி, ‘இர்னன்’ என்ற வடிவம்தான் பெரிதும் வழங்கியது. தமிழில் தசை, சதை ஆனதைப் போன்ற மாற்றம் இது. இந்த வினை தானே ஓடுவதைக் குறித்தது. திரவம் பாய்வதையும் குறித்தது. இதனருகே ‘அர்னன்’ என்று இன்னொரு வினை இருந்தது. அதன் பொருள் ஓடச்செய்தல், குறிப்பாகக் குதிரையை ஓட்டிச் செல்லுதல். அதாவது நம் ‘ஓடு’, ‘ஓட்டு’ போல தன்வினை ஒன்று, பிறவினை ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் தங்கள் மொழியின் ‘ரின்னா’, ‘ரென்னா’ என்ற இணையையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலப்போக்கில் இவையெல்லாம் ஒலியில் நெருங்கி, ‘ரன்’ என்ற ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன.

ஜெர்மன் மொழி அந்த இரண்டு வடிவங்களையும் இன்றும் தனித்தனியாகக் காத்துவருகிறது. ‘ரென்னென்’ என்றால் விரைந்து ஓடுவது, ‘ரின்னென்’ என்றால் நீர் வழிவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். குதிரை ஓடினாலும் ‘ரன்’, குதிரையை ஓட்டினாலும் ‘ரன்’, மழைநீர் ஓடையில் பாய்ந்தாலும் ‘ரன்’. ‘ரன்’னின் பெருக்கத்துக்கு விதை இங்கேதான் இருக்கிறது. தன்வினையும் பிறவினையும் ஒரே உருவம் எடுத்த பிறகு, ஓடுகிற பொருள் ஒவ்வொன்றோடும் அதை ஓடவைக்கிற மனிதரும் அந்தச் சொல்லுக்குள் நுழைந்துவிட்டார். பொருள்கள் இரட்டிப்பாயின.

கிளை பிரிந்த விதம்

645 பொருளையும் அடுக்கிச் சொல்வது அகராதியின் வேலை. ஆனால் முக்கியக் கிளைகளைப் பார்த்தால் ஒழுங்கு தெரியும்.

அடிப்படையில் இருப்பது கால்களால் விரையும் இயக்கம். நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு பாதமும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. வேகம், இடைவிடாமை, ஒரு திசை என்ற மூன்று கூறுகள் அந்த இயக்கத்தில் இருக்கின்றன. பின்னால் வந்த ஒவ்வொரு பொருளும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது.

திரவம் இடைவிடாமையை எடுத்துக்கொண்டது. ஆறு ‘ரன்’ ஆகிறது, குழாய் ‘ரன்’ ஆகிறது, சளி பிடித்தால் மூக்கு ‘ரன்’ ஆகிறது, துவைக்கையில் துணியின் சாயம் ‘ரன்’ ஆகிறது. வேகம் இங்கே அவசியமில்லை. மூக்கு மெதுவாகத்தான் ஒழுகுகிறது.

கோடு திசையை மட்டும் எடுத்துக்கொண்டது. சாலை ஊரிலிருந்து கடற்கரை வரை ‘ரன்’ ஆகிறது, வேலி தோட்டத்தைச் சுற்றி ‘ரன்’ ஆகிறது. சாலையும் வேலியும் அசைவதில்லை. அவற்றின் வழியே நகர்வது நம் கண்தான். மொழியியலாளர் லெனார்டு டால்மி போன்றோர் இதைக் கற்பித இயக்கம் என்று வகைப்படுத்தி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பெண்களின் மெல்லிய காலுறையில் நூல் பிரிந்து நீளமாக இழை விட்டால் அதுவும் ‘ரன்’. பிரிட்டனில் அதே கிழிசலுக்குப் பெயர் ஏணி.

காலம் தொடர்ச்சியை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் மூன்றாண்டு ‘ரன்’ ஆகும். நாடகம் ‘ரன்’ ஆகும். அகதா கிறிஸ்டியின் ‘த மவுஸ்ட்ராப்’ லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்று வந்து அரங்கைப் பூட்டும்வரை இடைவிடாமல் ஓடியது; பிறகு மீண்டும் தொடங்கியது. சீட்டாட்டத்தில் வரிசையாக விழும் சீட்டுகளும், தொடர்ந்து வரும் அதிர்ஷ்டமும், அச்சகத்தில் ஒரே மூச்சில் அடிக்கும் பிரதிகளும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

பிறகு இயந்திரம் வந்தது. ‘ரன்’னின் பெருக்கத்துக்கு இயந்திர யுகமே முக்கியக் காரணம் என்பது அகராதித் துறையில் சொல்லப்படும் விளக்கம். ரயில், நெசவாலை, அச்சு யந்திரம், மோட்டார் என்று புதிது புதிதாக வந்த ஒவ்வொன்றும் இயங்குவதைச் சொல்ல ஒரு வினை தேவைப்பட்டது; கைவசம் இருந்தது ‘ரன்’. கணினியும் அதே வழியில் நடந்தது. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில், எழுதிய நிரலைச் செயல்படுத்த மாணவர் தட்ட வேண்டிய கட்டளையே ‘ரன்’தான். கால், பாதை, வேகம் எதுவும் அங்கே இல்லை. கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுகிற தொடர்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இயந்திரத்தை ஓட்டுபவர் இருந்தால் நிறுவனத்தை ஓட்டுபவரும் உண்டு. கடை, பள்ளிக்கூடம், வீடு, நாடு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ பண்ணலாம். அரசியலில் இன்னொரு கிளையும் முளைத்தது. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். தேர்தல் அங்கே பந்தயமாகப் பார்க்கப்படுகிறது. பிரிட்டனில் அதே வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். தமிழ்நாட்டிலும் நிற்கத்தான் செய்கிறார்.

பணத்தில் இந்தச் சொல் அச்சத்தின் பெயர். வங்கி மூழ்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பி, வைப்புத்தொகையாளர் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது ‘பேங்க் ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் கிளைகளுக்கு வெளியே மக்கள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். அங்கே பழைய பொருள் பாதி உயிரோடிருந்தது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி மின்வழியில் நகர்ந்தது. தெருவில் யாரும் ஓடவில்லை. பெயர் மட்டும் மாறவில்லை.

ஓடாமல் எடுக்கும் ஓட்டம்

ஒரு சொல் தன் பிறப்பிடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று கிரிக்கெட். இங்கிலாந்தில் பழைய நாளில் ஆட்டக் கணக்கை ஒரு குச்சியில் கத்தியால் வெட்டி வைத்தார்கள். அதனால் அன்று அந்த அலகுக்குப் பெயர் ‘நாட்ச்’, அதாவது வெட்டுத்தடம். பின்னர் மட்டையாளர்கள் இரு முனைகளுக்கிடையே ஓடிக் கடப்பதே அலகின் பெயராகி ‘ரன்’ நிலைத்தது.

இன்று மட்டையாளர் பந்தை எல்லைக்கோட்டுக்கு விரட்டினால் நான்கு ரன், எல்லையைத் தாண்டி விழச்செய்தால் ஆறு. ஓரடிகூட எடுத்துவைக்க வேண்டாம். பந்துவீச்சாளர் அகலப் பந்து வீசினால் மட்டையாளர் சும்மா நின்றாலே ஒரு ரன். ஓட்டம் இங்கே உடலின் இயக்கமாக இல்லாமல் மதிப்பெண்ணாகிவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை ஓட்டம் என்றே எழுதுகின்றன. ஒரு வீரர் 50 ஓட்டங்களைப் பெற்றார் என்பது அங்கே இயல்பான வாக்கியம். தமிழ்நாட்டில் ‘ரன்’ அப்படியே தமிழாகிவிட்டது. ‘எத்தனை ரன்?’ என்று கேட்கிற சிறுவனுக்கு ஓடுவது நினைவுக்கு வருவதேயில்லை.

பக்கத்தில் நிற்கும் சொல்

ஆங்கிலம் கற்பவரை அதிகம் திணறடிப்பது ‘ரன்’ தனியாக வரும் இடங்கள் அல்ல, சின்னச் சின்ன ஒட்டுச்சொற்களோடு சேரும் இடங்கள். ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோதல், ‘ரன் இன்டூ’ என்றால் எதிர்பாராமல் சந்தித்தல், ‘ரன் த்ரூ’ என்றால் ஒருமுறை சரிபார்த்தல், ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏற்றிவிடுதல், ‘ரன் அப்’ என்றால் கடன் ஏற்றிக்கொள்ளுதல்.

‘ரன் டவுன்’ ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். பாட்டரியைப் பற்றிப் பேசினால் அது சக்தி இழந்தது. கட்டடம் என்றால் பராமரிப்பின்றிச் சிதைந்தது. மனிதர் என்றால் உடல் தளர்ந்தவர். ஒருவரைப் பற்றி இன்னொருவர் அப்படிச் செய்தார் என்றால் மட்டம்தட்டிப் பேசினார். பட்டியல் என்றால் மேலிருந்து கீழாகப் படித்தல். சாலையில் நடந்தவர் என்றால் வண்டி மோதி வீழ்த்தியது. சொல் இரண்டும் மாறவில்லை. மாறியது எதைப் பற்றிய பேச்சு என்பது மட்டுமே. அப்படியானால் பொருள் ‘ரன்’னுக்குள் இருக்கிறதா, ‘டவுன்’னுக்குள் இருக்கிறதா, பாட்டரிக்குள் இருக்கிறதா? மூன்றும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டே அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் வலியுறுத்தியது இதைத்தான்.

பொருளை எண்ண முடியுமா?

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும் இந்த நிலைக்குப் ‘பாலிசெமி’ என்ற கலைச்சொல்லைப் பரப்பியவர் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயால். 1897இல் வந்த அவருடைய பொருண்மையியல் நூல் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. தொடர்பில்லாத சொற்கள் ஒலியில் மட்டும் ஒத்திருப்பது வேறு. ஒரே சொல் கிளைத்துப் பல பொருள் தருவது வேறு. தமிழில் வீட்டுக்கூரை ஓடும், ஓடுகிற ஓடும் முதல் வகை. ‘ரன்’னின் பொருள்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

கிளைத்தவற்றை எப்படி எண்ணுவது? ஆக்ஸ்ஃபோர்டு 645 என்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லரின் தலைமையில் உருவான வேர்ட்நெட் என்ற கணினிச் சொற்களஞ்சியம் அதே வினைக்கு 41 பொருளே தருகிறது. இரண்டும் தவறில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆயிரம் ஆண்டு வரலாற்றை, வழக்கொழிந்த பொருள்களையும் தொடர்களையும் உட்பட, நுணுக்கமாகப் பிரிக்கிறது. வேர்ட்நெட் இன்றைய மொழியைத் தொகுத்துப் பார்க்கிறது. குழாய் ஓடுவதும் மூக்கு ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா என்பதை முடிவு செய்வது அகராதியாசிரியரின் கண். அகராதிப் பணியில் நெடுநாள் ஈடுபட்ட ஆடம் கில்கரிஃப், சொற்பொருள்கள் என்று தனித்தனியாக எண்ணத்தக்கவை இருப்பதாகவே தாம் நம்பவில்லை என்று 1997இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். பயன்பாடுகள்தாம் உண்மை, பொருள் என்பது ஒரு நோக்கத்துக்காக நாம் அவற்றைத் தொகுத்துக்கொள்ளும் விதம் என்பது அவர் வாதம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1980இல் ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் எழுதிய உருவகம் பற்றிய நூலுக்குப் பின், பொருள் விரிவு ஏனோதானோ என்று நடப்பதில்லை, உடல் அனுபவத்திலிருந்து ஒழுங்காகக் கிளைக்கிறது என்ற பார்வை வலுப்பெற்றது. ஸ்டெஃபான் கிரீஸ் 2006இல் ‘ரன்’னையே எடுத்துக்கொண்டு, மெய்யான பேச்சிலும் எழுத்திலும் அது வந்த இடங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். கால்களால் விரைந்து செல்வதே மையப் பொருள், மற்றவை அதிலிருந்து படிப்படியாக விலகும் வலைப்பின்னல் என்று அவர் ஆய்வு காட்டியது. எண்ணிக்கை எதுவானாலும் மையம் ஒன்று என்பது இதிலிருந்து கிடைக்கும் தெளிவு.

கணினிக்கு இந்தச் சிக்கல் நெடுநாள் தலைவலி. 1949இலேயே வாரன் வீவர், இயந்திர மொழிபெயர்ப்பு வெற்றி பெற வேண்டுமானால் ஒரு சொல்லின் இருபுறமும் உள்ள சொற்களைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பெழுதினார். 1960இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல், உலக அறிவு இல்லாத இயந்திரத்தால் இது இயலாது என்று வாதிட்டார். 2018இல் வந்த பெர்ட் போன்ற மொழி மாதிரிகள் ஒரு சொல்லுக்கு ஒரே நிலையான உருவம் தராமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் சூழலுக்கேற்ற உருவம் தருகின்றன. பொருள் பட்டியலைக் கைவிட்டு, பக்கத்துச் சொற்களை நம்பியபோதுதான் இந்த முன்னேற்றம் வந்தது.

தமிழ் இலக்கணம் கண்டது

இந்த விடை நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. உடன்வரும் வினையால் பொருள் தெளிவாகும் சொல் ஒன்று. வினையாலும் தெளியாதது மற்றொன்று. உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘மா’. மா பூத்தது என்றால் மரம் என்று உடனே தெரிகிறது. மா வீழ்ந்தது என்றால் மரமா விலங்கா என்று தெரியவில்லை; அங்கே சொல்பவர் வெளிப்படையாக்க வேண்டும். வினை மட்டுமின்றி இனமும் சார்பும் பொருளைத் தெளிவுபடுத்தும் என்றும் அந்த இலக்கணம் கூறுகிறது. ஃபர்த்தும் வீவரும் இருபதாம் நூற்றாண்டில் வந்துசேர்ந்த இடம் இதற்கு மிக அருகில்தான். நிகண்டுகளில் ஒரு சொல்லின் பல பொருள்களைத் தொகுக்கத் தனிப் பகுதியே உண்டு. சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியைத் திண்ணைப் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள்.

‘ரன்’னோடு நம் ‘ஓடு’வை ஒப்பிட்டால் இரண்டு மொழிகளின் போக்கும் துலங்கும். மின்விசிறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மூன்று வருஷம் ஓடிப்போச்சு, மனசுக்குள்ளே என்னவோ ஓடுகிறது, இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது, சேதி கேட்டுக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவற்றில் பல ஆங்கிலத்தைப் பார்த்து வந்தவை அல்ல. ஓட்டம் பற்றிய மனித அனுபவம் இரண்டு மொழியையும் ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது.

பிரியும் இடங்களும் அதே அளவு முக்கியம். தமிழில் மூக்கு ஒழுகும், சாயம் போகும், வேட்பாளர் நிற்பார். ஆங்கிலம் நிறுவனத்தை ‘ரன்’ பண்ணும்போது தமிழ் நடத்துகிறது. கடை நடத்துகிறார், பத்திரிகை நடத்துகிறார், குடும்பம் நடத்துகிறார். ஓட்டு என்ற பிறவினை வண்டிக்கும் பொழுதுக்கும் போக, நிர்வாகத்தைப் பெரும்பாலும் ‘நட’ என்ற வினையின் பிறவினை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நகரப் பேருந்திலும் இந்தப் பிரிவைக் காணலாம்: வண்டியை இயக்குபவர் ஓட்டுநர், பயணிகளைக் கவனிப்பவர் நடத்துநர். தன்வினையும் பிறவினையும் வடிவத்தில் தனித்தனியாக இருப்பதால் தமிழில் ஒரே சொல்லின் மேல் அத்தனை பாரமும் ஏறவில்லை.

வகுப்பறைக்கு வர வேண்டியது

இவ்வளவு அறிவு சேர்ந்த பிறகும் நம் வகுப்பறைகள் பலவற்றில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கமே நீடிக்கிறது. ‘ரன்’ என்றால் ஓடு என்று படித்த மாணவி, தேநீர்க் கடையை ஒருவர் ‘ரன்’ செய்கிறார் என்று படிக்கும்போது திகைக்கிறாள். தன் அறிவில் குறை என்று நினைத்துக்கொள்கிறாள். குறை அவளிடம் இல்லை. பட்டியல் முறையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் ஐம்பது வினைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மையப் பொருளை முதலில் காட்டி, அது எப்படிக் கிளைத்தது என்பதை விளக்குவோம். ஒவ்வொரு கிளைக்கும் முழு வாக்கியம் கொடுப்போம். அதற்கு நிகராகத் தமிழ் எந்த வினையைப் பயன்படுத்துகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நடக்கிறது, எங்கே நிற்கிறது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வோம். அப்படிக் கற்பவர் ஆங்கிலத்தோடு தம் தாய்மொழியையும் புதிதாகப் பார்ப்பார்.

அகராதித் துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் பெரும் சாதனை. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய வாக்கியங்களைச் சான்றாக வைத்து அடுத்த அடியை எடுத்தது. ஓடு, நட, பிடி, விடு, எடு, போடு போன்ற நம் எளிய வினைகளுக்கும் ஒரு கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார வேண்டும். கல்வெட்டிலிருந்து கைப்பேசிப் பேச்சு வரை அவை வந்த இடங்களைத் திரட்டி வரிசைப்படுத்த வேண்டும். அரிய சொற்களைத் தேடிக் காப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியாவது, நாள் முழுதும் நமக்காக உழைக்கும் இந்தச் சின்னச் சொற்களுக்கும் உரியது. அவற்றின் வரலாறு எழுதப்படும்போதுதான் தமிழின் வரலாறு முழுமையாகும்.